பழைய ஜிடிஐ ஒன்றை வாங்கி, மாற்றி, விற்பது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீயோடு உட்கார்ந்தால், திரும்பிப் பார்க்காமலேயே எக்ஸோஸ் புகைக்குழாய்ச் சத்தத்தை வைத்து எந்தத் தோட்டத்துப் பையன் வருகிறான் என்று சொல்லிவிடலாம். கொஞ்ச காலம் அந்தச் சத்தங்களில் ஒன்று என்னுடையது. 2009-இல் நம் நாட்டு புரோட்டோன் நிறுவனத்தின் சத்ரியா ஜிடிஐ கார் ஒன்றை வாங்கினேன், 2020-இல் விற்றேன். எதில் போட்ட பணம் நின்றது, எதில் போட்டது காற்றோடு போனது என்று தம்பிமார்கள் இன்னமும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

உதாரணத்துக்கு என் காரையே எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் வீரா, புத்ரா, பழைய சிவிக், டர்போ ஏற்றிய கஞ்சில் என்று எது இருந்தாலும் போக வேண்டிய வழி கிட்டத்தட்ட இதுதான்.

முதலில் கெரான், அப்புறம் கார்

சத்ரியா ஜிடிஐ 1998-இல் வந்தது. 1834 சிசி, இரட்டைக் கேம் 4ஜி93 எஞ்சின், 140 குதிரைச்சக்தி. புரோட்டோன் 1996-இல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கியிருந்ததால் இதன் சஸ்பென்ஷனை லோட்டஸ்காரர்களே சரிசெய்தார்கள். வளைவில் அது தெரியும். இன்றுவரை மவுசு குறையாததற்கும் அதுதான் காரணம். மவுசு இருந்தால் போலியும் இருக்கும். சாதாரண 1.3, 1.5 சத்ரியாவுக்கு ஜிடிஐ பம்பர், ஜிடிஐ சீட், ஜிடிஐ ஸ்டிக்கர் எல்லாம் போட்டு ஜிடிஐ விலை கேட்பார்கள்.

அதனால் காரைச் சுற்றி வருவதற்கு முன்னால் கெரானை, அதாவது காரின் உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்குங்கள். எஞ்சின் அளவு 1834 என்று இருக்க வேண்டும். கெரானில் 1468 என்று இருந்து, போனெட்டுக்கு அடியில் இரட்டைக் கேம் எஞ்சின் உட்கார்ந்திருந்தால், அந்த எஞ்சின் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்குத் தெரியாமல் உள்ளே வந்தது என்று அர்த்தம். விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். நாளைக்குப் பெயர் மாற்றும்போது அந்தத் தலைவலி உங்கள் தலைவலி.

அடுத்து, காரில் அடித்திருக்கும் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கெரானோடு ஒப்பிட வேண்டும். நான் பார்க்கப் போன முதல் காரில் சேசிஸ் எண் இருந்த இடத்தில் கறுப்பு எண்ணெய் அழுக்கு திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. சுற்றிலும் சுத்தமாக இருக்க, அந்த ஒரு இடம் மட்டும் அழுக்கு. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தேன். எண்கள் ஒரே கோட்டில் இல்லை. கடைசி இரண்டு எண்கள் ஒரு மயிரிழை மேலே ஏறி நின்றன, ஆழமும் வேறு. விற்க வந்தவர் அதுவரை பேசிக்கொண்டே இருந்தவர், அந்த நிமிடத்தில் ஃபோனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். நானும் கிளம்பிவிட்டேன்.

பிறகு துரு. நம் பக்கத்தில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஓடிய கார், அதிலும் உர ஸ்டோர் பக்கத்தில் நின்ற கார், ஒரு மூட்டையோ இரண்டு மூட்டையோ பின்பெட்டியான பூட்டில் ஏற்றிய கார் என்றால் அடித்தகடு உப்புப் போல அரித்திருக்கும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும் உப்பு வகைதானே, இரும்புக்கு ஆகாது. பூட்டில் ஸ்பேர் டயரைத் தூக்கிவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். பின்சக்கர வளைவின் உள்விளிம்பைத் தடவுங்கள். புதுப் பெயின்ட் மொழுமொழுவென்று இருந்தால் துருவை மறைக்க உள்ளே மாவு தடவியிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். போனெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே எழுப்பி வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சினில் வரும் புகையையும் தட்டல் சத்தத்தையும் மறைக்கத்தான். மேட்டில் இருந்து இறங்கும்போது காலை எடுத்து மறுபடி மிதித்தால் நீலப் புகை வருகிறதா என்று பின்னால் ஒரு நண்பரை வரச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது கியரில் கரகரப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். என் காரில் இருந்தது. காலையில் ஆறியிருக்கும்போது அரை வினாடி பொறுத்துப் போட்டால் வாயைத் திறக்காது. அதை வைத்து விலையில் முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைத்தேன், அப்புறம் பதினொரு வருடமும் அப்படியே ஓட்டினேன்.

பணம்: இந்த வயதுக் காருக்கு வங்கி லோன் பெரும்பாலும் கிடைக்காது, ரொக்கம்தான். ஆ லோங் என்ற வட்டிக்காரர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடவும் கூடாது. மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக வைத்திருங்கள். எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் பழுது மட்டும் பாருங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள்

காரை விற்றவர் டைமிங் பெல்ட் புதிது என்றார். ரசீது கேட்டேன், எங்கோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றார். நம்பினேன். ஆறாவது வாரம் ஈப்போ போகும் வழியில் சாலை விளக்கில் நின்று கிளம்பும்போது டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வை அடிக்கும். பதினாறு வால்வில் பதினொன்று வளைந்திருந்தது. பட்டறை ஃபோர்மன் அண்ணன் பழைய பெல்ட்டை என் கையில் கொடுத்தார். பல்லெல்லாம் பாளம் பாளமாக விட்டிருந்தது.

"தம்பி, ரசீது இல்லைன்னா பெல்ட் மாத்தலைன்னு அர்த்தம்" என்றார். அந்தப் பாடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் போனது.

ஆகவே கார் வீட்டுக்கு வந்ததும் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பம்பை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அது ஒழுகும்போது இதே வேலையை மறுபடி செய்து மறுபடி கூலி கொடுக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் எண்ணெய் எல்லாம் புதிது. ரேடியேட்டர் ஹோஸ்களைக் கிள்ளிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தாலும் மாற்ற வேண்டும், பஞ்சு மாதிரி இருந்தாலும் மாற்ற வேண்டும். எஞ்சின் மௌண்டிங், கீழ்க்கை புஷ் இரண்டும் இருபது வருடக் காரில் நிச்சயம் போயிருக்கும். இவை சரியானாலே பாதிப் பேருக்குக் கார் புதிதாகிவிட்டது போலத் தோன்றும், மாற்றும் ஆசையும் பாதி அடங்கும்.

எங்கே தொடங்குவது

பையன்கள் எக்ஸோஸில் தொடங்குகிறார்கள். நான் டயரில் தொடங்கச் சொல்வேன். டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் அடித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரித்தது. டயரின் பூ தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரை மழையில் ஓட்டாதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும். ரிம் பெரிதாக்கினால் டயரின் உயரத்தைக் குறைத்து மொத்த விட்டத்தைப் பழைய அளவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேக மீட்டர் பொய் சொல்லும், மட்கார்ட் உரசும்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடும். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது மிதி பஞ்சாகப் போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு ஒரு ஸ்டிக்கர் செட்டை விடக் கம்மி. நல்ல பேட், புது எண்ணெய், தேய்ந்திருந்தால் புது டிஸ்க், இவ்வளவு போதும். பெரிய சிவப்புக் காலிப்பர் எல்லாம் ரிம் வழியாகத் தெரிவதற்குத்தான்.

மூன்றாவதாக அதிர்ச்சியைத் தாங்கும் அப்சோர்பர். இங்கேதான் நம்மூர்க்காரர்கள் நகரத்துப் பையன்களைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் தரையோடு தரையாகக் காரை இறக்கலாம். நமக்குப் பெரிய சாலையிலிருந்து தோட்டத்து வீடுகள் இருக்கும் லயத்துக்கு வர இரண்டு கி.மீ. செம்மண் சாலை. செம்பனைப் பழ லோரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. அந்த நடுமேடு உங்கள் எஞ்சின் எண்ணெய்த் தொட்டியைத் தேடிக்கொண்டே இருக்கும். மழை பெய்த மறுநாள் எந்த இடத்தில் எந்தச் சக்கரத்தை மேட்டில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். அப்படியும் ஒருமுறை, லோரியிலிருந்து விழுந்து கிடந்த ஒரு குலையை இருட்டில் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். நன்றாகக் காய்த்த குலை இருபது கிலோவுக்குக் குறையாது. முன் பம்பர் இரண்டாகப் போனது, வீட்டுக்குள் நுழையும்போது அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மௌனம்தான் செலவை விட வலித்தது.

என் கணக்கு இது: அசல் உயரத்திலிருந்து 30 மி.மீ. இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டவே கூடாது. வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாக உட்காராது, பள்ளத்தில் குதிக்கும்போது நழுவும், அப்சோர்பரையும் ஒரு வருடத்தில் கொன்றுவிடும். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு போடுங்கள். தாழ்வான டயர் போட்டவர்கள், வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளின் மேல் ஏறாதீர்கள். மட்டை அடியில் உள்ள முள் பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப் போட முடியாது.

இன்னொன்று, ஏர் ஃபில்டர். போனெட்டைத் திறந்தால் காளான் மாதிரி நிற்குமே, அது. சத்தம் நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றைத்தான் இழுக்கிறது. காற்றின் சூடு பத்து டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு குறையும், அந்த அளவுக்குச் சக்தியும் குறையும். அதற்கு மேல் செம்மண் புழுதி. ஒரு வெயில் மாதம் முழுவதும் ஓட்டிவிட்டு உள்குழாயை விரலால் துடைத்தேன், குங்குமம் மாதிரி வந்தது. அன்றைக்கே அசல் பெட்டியைத் திரும்பப் போட்டேன்.

திரும்பப் போட முடிந்ததே, ஏனென்றால் அதைத் தூக்கிப் போடவில்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: காரிலிருந்து கழற்றிய ஒரு சாமானையும் விற்காதீர்கள், தூக்கிப் போடாதீர்கள். அசல் எக்ஸோஸ், ஸ்பிரிங், ஸ்டீரிங், ரிம், ஏர் பெட்டி எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் பழைய கோழிக்கூட்டில் அடுக்கிவைத்தேன். போல்ட்டுகளை மைலோ டின்களில் போட்டு, எந்தச் சாமானுடையது என்று மார்க்கரில் எழுதிவைத்தேன். அம்மா வருடத்துக்கு இரண்டு முறை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், அந்தக் குப்பையை எப்போது கொளுத்தப்போகிறாய் என்று கேட்பார்.

எஞ்சினைத் தொடுவதா

டர்போ இல்லாத எஞ்சினில் எக்ஸோஸ், ஹெட்டர் எல்லாம் போட்டுக் கிடைக்கும் சக்தி கொஞ்சம்தான், கிடைக்கும் சத்தம் நிறைய. அதனால்தான் பலரும் ஒரு கட்டத்தில் ஹாஃப்கட் கடைக்குப் போகிறார்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 டர்போ எஞ்சின் 195 குதிரைச்சக்தி. ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும் என்பார்கள். எஞ்சின் உட்காரும், உண்மை. அப்புறம் வயரிங், ஈசியூ என்ற எஞ்சின் கணினி, இன்டர்கூலர், பெரிய ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், கிளட்ச் என்று ஒவ்வொன்றாக வரும். எஞ்சினுக்குச் சொன்ன விலையை இரண்டால் பெருக்குங்கள். அதுவும் கையில் இருந்தால் மேலே யோசியுங்கள். ரான் 97 பெட்ரோல் செலவு தனி.

பத்திர வேலை இன்னும் முக்கியம். எஞ்சினை மாற்றும் முன் ஜேபிஜேயிடம் அனுமதி வாங்க வேண்டும். கடைக்காரரிடம் ரசீதும், எஞ்சின் சுங்கத்துறை வழியாக வந்ததற்கான பத்திரமும் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை. மாற்றிய பின் புஸ்பாகோமில் வாகனச் சோதனை, அதன்பின் கெரானில் புது எஞ்சின் எண்ணும் அளவும் ஏற வேண்டும். சாலை வரியும் மாறும். தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1468 சிசி என்றால் வருடத்துக்கு 90 வெள்ளி. 1834 சிசிக்கு 297 வெள்ளி. லான்சர் எவோ காரின் 1997 சிசி எஞ்சின் போட்டால் 378 வெள்ளி 50 காசு. இந்த இருநூறு சொச்சம் வெள்ளியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பதிவு செய்யாமல் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். மோதினால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். அப்போது தெரியும் அந்த மிச்சத்தின் விலை. சின்ன மாற்றமாக இருந்தாலும் காப்புறுதி ஏஜெண்டிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

நான் எஞ்சினை மாற்றவில்லை. ஆசை இருந்தது. கல்யாணம் வந்தது.

கண்ணாடிக் கறுப்புக்கு ஒரு வரி: 2019 விதிப்படி முன் கண்ணாடியில் 70 விழுக்காடு வெளிச்சமும், முன் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் உள்ளே வர வேண்டும். நம்பர் பிளேட்டில் கலைவண்ணம் காட்டாதீர்கள். சமான், அதாவது அபராதச் சீட்டு, வாங்குவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

வேகமாக ஓட்டுவது எங்கே

பெரிய சாலையில் வேண்டாம். காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிளில் விளக்கு எரியாது. இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

1999-இல் திறந்த செப்பாங் ஓடுதளம் 5.543 கி.மீ., பதினைந்து வளைவு. பொது நாட்களில் கட்டணம் கட்டி ஓட்டலாம். சாதாரணக் காப்புறுதி அங்கே செல்லாது என்பதை மனத்தில் வையுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு இங்கிருந்து கிளம்பி நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் சுற்றிலேயே, நம்மூரில் நான் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது எது என்று புரிந்துபோனது. 2002-இல் உலக ராலிப் போட்டியின் தயாரிப்புக் கார் பிரிவில் உலகப் பட்டம் வென்ற கரம்ஜித் சிங் நம் நாட்டுக்காரர், ஓட்டியது புரோட்டோன். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு செம்மண் சாலையில் கை பிரேக் இழுக்கும் தம்பிகளுக்கு: அவர் ஓட்டும்போது சாலையை மூடியிருந்தார்கள்.

விற்பது

பிள்ளை பிறந்தால் முதலில் பிள்ளையின் அம்மா கேட்பார், இந்த இரண்டு கதவுக் காரில் குழந்தை சீட்டை எப்படி வைப்பது என்று. நான் ஒரு வருடம் இழுத்தடித்தேன். குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம்.

விற்க முடிவு செய்ததும் முதல் வேலை, கோழிக்கூட்டைத் திறப்பது. இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து காரை அசல் நிலைக்குக் கொண்டுவந்தேன். மாற்றியமைத்த காரை, அதே ரசனை உள்ளவன்தான் வாங்குவான், அவனிடம் பணம் இருக்காது. அசல் காரைத் தேடி வருபவரிடம் பணம் இருக்கும். கழற்றிய ரிம், சீட், ஸ்பிரிங் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்றேன். போட்ட பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் கம்மியாகத்தான் திரும்பியது. காரோடு சேர்த்து விற்றிருந்தால் அதுவும் வந்திருக்காது. பெல்ட் ரசீதிலிருந்து எண்ணெய் ரசீது வரை எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டேன். வாங்க வந்தவர் காரைப் பார்த்ததை விட அந்த ஃபைலைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

துரு இருந்த இடத்தை நானே காட்டினேன். இரண்டாவது கியரையும் சொன்னேன். சொல்லாவிட்டால் ஓட்டிப் பார்க்கும்போது அவரே கண்டுபிடிப்பார், அப்புறம் நான் சொல்லும் மற்ற எதையும் நம்பமாட்டார். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது பக்கத்தில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்காமல் யாருக்காகவும் காரை நிறுத்தி வைக்காதீர்கள்.

லோன் பாக்கி உள்ள காரை சம்போங் பாயார் என்று, அதாவது மீதித் தவணையை அவர் கட்டுவார் என்ற வாய்ப்பேச்சில், கொடுத்துவிடாதீர்கள். கார் அவரிடம், கடன் உங்கள் பெயரில், சமானும் உங்கள் வீட்டுக்கு வரும். பாக்கிச் சமான்களை முதலில் கட்டிவிட்டுப் பெயர் மாற்றுங்கள். நான் விற்றபோது புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, அங்கே எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கெரானோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு வாங்குபவர் பெயரில் காப்புறுதி. அதன்பின் ஜேபிஜே முகப்பில் இருவரும் கைரேகை. அது முடியும்வரை சாவியைக் கொடுக்கவில்லை. உங்கள் என்சிடி, அதாவது இழப்பீடு கேட்காததற்குக் காப்புறுதியில் கிடைக்கும் கழிவு, காரோடு போகாது, அது உங்களுடையது. ஐந்து வருடம் இழப்பீடு கேட்காமல் ஓட்டியவருக்கு 55 விழுக்காடு. மறக்காமல் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என்னுடையது ஒரு மைவி காருக்குப் போனது.

வாங்கியவர் கோலகங்சார்க்காரர், சின்ன வயது. மூன்று வாரம் கழித்து ஃபோன் செய்தார்.

"அண்ணே, ஏர் பெட்டி ஒரு பக்கம் ஆடுது. போல்ட் ஏதாச்சும் விட்டுப் போச்சா?"

கோழிக்கூட்டில் போய்த் தேடினேன். ஒரு மைலோ டின் மூலையில் உருண்டு கிடந்தது, மார்க்கர் எழுத்து பாதி அழிந்திருந்தது. உள்ளே மூன்று போல்ட். மறுநாள் சாயங்காலம் அவரே வந்தார், லயத்து முனையில் திரும்பும்போதே எனக்குச் சத்தம் தெரிந்தது. டின்னை வாங்கிக்கொண்டு, எஞ்சினை அணைக்காமலேயே கிளம்பினார். இரண்டாவது கியர் கரகரத்தது.

"பொறுத்துப் போடுங்க தம்பி" என்று கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே கை மட்டும் தெரிந்தது.